கலெக்டர் குடுத்தான், கணக்கன் தின்னான்

ஓட்டு வாங்காதவனுக்கு என்ன அதிகாரம் என்று கேட்கிறார்கள். நீதிமன்றம், தேர்தல் ஆணையம், எஸ்.சி. ஆணையம் எல்லாவற்றையும் பார்த்துக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் பஸ்சுக்கு நிற்கும்போது அதே கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. கம்பெனிகள் வந்து சென்டுக் கணக்கில் விலை பேசும் இந்த மண்ணில் நம்முடையது எங்கே போனது?

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர், பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். நிலமில்லாததால்தான் மிராசுதாரிடம் சிக்கிக் கிடக்கிறார்கள் என்றார். 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலத்தை முதல் 10 வருசம் விற்கக்கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம். திரமென்கீரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அன்னிக்கு ஊரில் ஓட்டு வைத்திருந்தால் மிராசுதார்தான் ஜெயித்திருப்பான்.

அதுக்காக வெள்ளைக்காரனுக்குக் கும்பிடு போடச் சொல்லவில்லை. அந்த அறிக்கையை மறுத்த வருவாய் வாரியமும் ஓட்டு வாங்காததுதான். ஊரில் பட்டாவையும் அடங்கலையும் வைத்திருந்த கணக்குப்பிள்ளையும் ஓட்டு வாங்கி வந்தவனில்லை; பரம்பரையாக வந்தவன். 1980-இல்தான் அந்தப் பரம்பரை வேலை ஒழிந்தது. எங்க ஆயா சொல்லும்: "கலெக்டர் குடுத்தான், கணக்கன் தின்னான்."

சரி, ஓட்டு வாங்கியவர்கள்? 1932 பூனா ஒப்பந்தத்தில் தனிவாக்காளர் தொகுதி போனது. அதிலிருந்து நம் தொகுதியில் நம் ஆளை ஊரே சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. ஊர்க்காரன் மனசு கோணாதவன்தான் ஜெயிக்க முடியும். 1994 அக்டோபர் 10-இல், காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய சனங்கள் மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அன்னிக்கு நடந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிதான்.

1990-இல் 65-ஆவது திருத்தம் தேசிய ஆணையத்துக்கு அரசியல் சட்டத் தகுதி தந்தது. விசாரணைக்கு ஆளைக் கூப்பிடலாம், ஆவணம் கேட்கலாம். முடிவில் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்கென்று தனி ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது.

ஆகவே ஓட்டு வாங்கினானா என்பது பாதிக் கேள்வி. மீதிப் பாதியை நாம் கேட்போம்: அங்கே நம்மாள் உட்கார்ந்திருக்கிறானா? கணக்குப் புத்தகத்தை நமக்குத் திறந்து காட்டுவானா? காட்டாவிட்டால் அவனை எங்கே போய்க் கேட்பது? இதற்குப் பதில் சொல்லாதவன், ஓட்டு வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும், நமக்குக் கணக்கன்தான்.