பொத்தியாரை மறந்த நட்பிலக்கணம்

திருக்குறளின் 785ஆம் பாட்டுக்குக் ஒருவரையொருவர் காணாமலே நட்புக்கொண்ட கோப்பெருஞ்சோழனையும் பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையாரையும் உதாரணமாகக் காட்டிவிட்டு, நட்புக்குச் சந்திப்பும் சகவாசமும் அவசியமில்லை என்பதே தமிழ் மரபின் முடிந்த முடிபு என்று நிர்ணயித்துவிடும் வழக்கம் நம் இலக்கிய விசாரணையில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நிர்ணயத்தை அப்படியே ஒப்புக்கொண்டால், குடும்பமும் தொழிலும் ஏற்று, பால்ய சிநேகிதர்களைத் திசைக்கொருவராகப் பிரிந்து நிற்கும் ஒரு மனிதன், தன் வீட்டுக் கூடத்தில் நாலு பேரை வருவித்து, உண்ணக் கொடுத்து, உரையாடவைத்து, அதன் வழியாகப் புதிய நண்பர்களைத் தேடிக்கொள்ளும் முயற்சி, நட்பிலக்கணத்துக்குப் புறம்பான வெறும் உபசாரம் என்றே தள்ளப்படும். அப்படித் தள்ளுவதற்கு நம் நூல்களில் ஆதாரம் இல்லை என்பதும், எந்தக் கதையை அதற்குப் பிரமாணமாகக் காட்டுகிறார்களோ அந்தக் கதையின் பாட்டுக்களே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லுகின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் குறளை எடுத்துக்கொள்வோம். புணர்ச்சியும் பழகுதலும் வேண்டுவதில்லை, உணர்ச்சி ஒன்றே நட்பாகும் கிழமையைத் தரும் என்பது அதன் திரண்ட பொருள். புணர்ச்சியாவது ஒரு தேயத்தவராதல் என்றும், பழகுதலாவது பலகாலும் கண்டும் பேசியும் மருவுதல் என்றும் பரிமேலழகர் வகுத்து, உணர்ச்சி ஒத்தவிடத்து விளைவது உடனுயிர் நீங்கும் உரிமையுடைய நட்பு என்கிறார். இந்தக் கடைசி விளக்கத்தைத்தான் பின்வந்தோர் போதிய அளவு கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. கிழமை என்பது உரிமை. ஒருவன் இறக்கும்போது உடன் இறக்கும் அளவுக்கு முதிர்ந்த உரிமை எதனால் வருகிறது என்ற கேள்விக்கு விடையாக நிற்கிற ஒரு பாட்டை, நட்பு எங்கே எப்படி முளைக்கிறது என்ற வேறொரு கேள்விக்கு விடையாக நாம் வாசித்துவருகிறோம். புணர்ச்சி என்ற சொல்லுக்கும் ஒரே தேயம் என்னும் பொருள் எல்லாவிடத்தும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. புறநானூற்றின் 58ஆம் பாட்டில் அச்சொல் ஒருங்கு வீற்றிருந்த சோழனும் பாண்டியனுமாகிய இரு வேந்தரின் சேர்க்கையைச் சுட்ட, அவர்களோ இரு வேறு நாட்டினர்.

அதே அதிகாரத்தில் இரண்டு பாட்டுக்கு முன்னால், 783இல், பண்புடையாளர் தொடர்பு பயிலப் பயில இன்பம் தருவது, ஒரு நல்ல நூல் கற்குந்தோறும் புதுநயம் தருவது போன்றது என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். பயிலுதல் இல்லாமல் இந்த உவமைக்கு உயிரில்லை. அடுத்த அதிகாரமாகிய நட்பாராய்தலோ, குணமும் குடிமையும் குற்றமும் சுற்றமும் அறிந்த பின்பே ஒருவனை நண்பனாகக் கொள்ளவேண்டும் என்று விதிக்கிறது. முகம் காணாத ஒருவனுடைய குற்றத்தை எவ்வாறு ஆராய்வது? ஆகவே 785 விதி அன்று, விதிவிலக்கு. அதுவும் அபூர்வமான விலக்கு. அதை வள்ளுவர் எடுத்துச் சொல்ல நேர்ந்ததே, பழக்கத்தால் நட்பு உண்டாவது உலகறிந்த சாமானிய வழி என்பதற்கு அடையாளம்.

இனி, புறநானூற்றின் 212ஆம் பாட்டு. இதைப் பாடியவர் பிசிராந்தையார் என்பது பாட்டோடு சேர்த்து எழுதப்பட்ட குறிப்பாகிய கொளுவினால் மட்டும் தெரிகிற செய்தி. கொளுக்களை முழுவதும் நம்பலாகாது என்பதை நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆயினும், காணாமலே நட்ட கதையைக் கட்டுவோர் அதே கொளுக்களை நம்பித்தான் கட்டுகிறார்கள் என்பதால், இந்த ஒரு பாட்டில் மாத்திரம் அவற்றை விலக்க அவர்களுக்கு வழியில்லை. உங்கள் அரசன் யார் என்று கேட்பாருக்கு விடை கூறும் பாங்கில் அமைந்த இச்சிறு பாட்டு, வயலில் உழைக்கும் களமர் முதிர்ந்த கள்ளைப் பருகி, ஆமை இறைச்சியையும் ஆரல் மீனின் சூட்டையும் கவுள் நிறையத் தின்று, தொழிலை மறந்து விழாக் கொண்டாடும் வளநாட்டைக் காட்டித் தொடங்குகிறது; அடுத்து, பாணர் சுற்றத்தின் பசிக்குப் பகையாகிய வேந்தனைக் காட்டுகிறது; முடிவில், உறையூரிலிருக்கும் அந்தக் கோப்பெருஞ்சோழன், குறையற்ற நட்பினனாகிய பொத்தியோடு, அதாவது புலவர் பொத்தியாரோடு, கூடி, நாள்தோறும் பெருஞ்சிரிப்புச் சிரித்திருப்பதைச் சொல்லி நின்றுவிடுகிறது.

இப்பாட்டின் வாக்கிய அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆகி, கெழீஇ, நக்கு என்று வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருகின்றன: பசிக்குப் பகையாகி, பொத்தியொடு கூடி, சிரித்து. ஊணளித்தல் முன்னும், கூடுதல் இடையும், சிரித்தல் பின்னுமாக நிற்கும் இவ்வடுக்கு யாப்பின் வசதிக்காகத் தற்செயலாக நேர்ந்தது என்று ஒருவர் வாதிக்கலாம். காரணகாரிய முறையாக இதை நிரூபித்துவிட முடியும் என்று நானும் சொல்லத் துணியவில்லை. ஆனால் நாட்டு வருணனை முழுவதையும் ஊரார் உண்டு களிக்கும் காட்சியாகவே அமைத்த ஒரு புலவன், அதன் முடிமணியாக இரு நண்பரின் சிரிப்பை வைக்கும்போது, முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பில்லை என்பதுதான் நிரூபணம் வேண்டும் கட்சி. வைகலும் என்ற சொல்லையும் விட்டுவிடலாகாது. ஒரு நாள் விருந்தில் யாரும் யாருக்கும் நண்பராவதில்லை. நாள்தோறும் திறந்திருக்கும் இடமும், அவ்விடத்துக்கு இன்றும் போகலாம் என்ற நிச்சயமுமே அறிமுகத்தை நட்பாகக் கனியவைக்கின்றன. புறநானூற்றில் வேந்தர் அவைக்கு நாண்மகிழிருக்கை என்றே ஒரு பெயர் வழங்குவதும் இங்கே நினைக்கத் தக்கது.

யார் இதைப் பாடுகிறார் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். சோழனைக் கண்ணாலும் காணாத ஆந்தையார், பாண்டிநாட்டிலிருந்துகொண்டு, தமக்கு வாய்க்காத அந்த அன்றாடச் சிரிப்பையே தம் அரசனுடைய பெருமையின் சிகரமாக எடுத்துரைக்கிறார். காணா நட்பின் மூர்த்தியாக நாம் கொண்டாடும் புலவரே கண்டு பழகும் நட்பை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கிறார் என்று இதைக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. தமக்கு நரை தோன்றாத காரணத்தைச் சொல்லும் 191ஆம் பாட்டிலும், மனைவி, மக்கள், ஏவலர், அரசன் என்று அடுக்கிக்கொண்டே வந்து, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் அடங்கிய சான்றோர் பலர் உளர் என்பதை அவர் கடைசியில் வைக்கிறார். இவர் தனித்திருந்து தவம் செய்தவர் அல்லர். நல்லோர் கூட்டத்தில் வாழ்ந்தவர்.

நட்பு சிரித்து மகிழ்வதற்காக ஏற்பட்டதன்று என்னும் 784ஆம் குறளைத் தடையாகக் காட்டுவர். அது சிரிப்பை விலக்கவில்லை, சிரிப்போடு நின்றுவிடுவதையே விலக்குகிறது. மேலும் 212இல் சிரிப்புக்கு அடைமொழியாக வரும் வாய் என்ற சொல்லுக்கு மெய்ம்மை என்ற பொருளும் உண்டாதலால், அது மெய்ம்மை நிறைந்த மகிழ்ச்சி என்றால் தடையே எழாது. புரவலனை அண்டிப் பிழைத்த புலவன் நண்பனாவானோ என்பது மற்றொரு தடை. பிழைப்புக்காக அண்டியவன் புரவலன் இறந்தபின் அவனுடைய நடுகல்லின் அருகே தனக்கும் ஓர் இடம் கேட்டு, உண்ணாநோன்பால் உயிர்விட வடக்கிருக்கமாட்டான், பொத்தியார் இருந்தார். இதற்குமேல் அத்தடைக்கு விடை தேவையில்லை.

அரசர் அவைக்குப் பொருந்துவது இல்லறத்தானுக்குப் பொருந்துமா என்ற கேள்வி இவற்றினும் கனமானது. இல்லறத்தானின் விருந்தோம்பலே அதற்கு விடை: விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதும், தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுள் வகைக்கு அப்பெயரையே இடுகிறது என்பதும் அறிஞர் அறிந்தவை. வந்தவரை ஓம்பி அனுப்பிவிட்டு இனி வருவாரை எதிர்நோக்கியிருக்கும் இல்லத்தானை 86ஆம் குறள் காட்டும்போது, அறியாத புதியவருக்கு ஓயாமல் வாயில் திறந்திருக்கும் ஒரு வீட்டையே காட்டுகிறது. சென்ற நூற்றாண்டிலும் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் நடுவயதில், திருநெல்வேலியில், தம் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் அன்பர்களைக் கூட்டிவைத்துக் கவிதையை அநுபவித்தார். அவ்விடத்தின் பெயராகிய வட்டத்தொட்டியே அந்தச் சிநேகக் கூட்டத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. நட்பு தான் முளைத்த இடத்தின் பெயரைச் சூடிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

மீண்டும் புறநானூற்றுக்கே வருவோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபின் பொத்தியார் உறையூருக்குத் திரும்பிய துயரத்தைச் சொல்வது அதன் 220ஆம் பாட்டு. பாட்டினுள் கோப்பெருஞ்சோழன் என்ற பெயர் இல்லை, கிள்ளி என்றே வருகிறது. கொளுவின் துணைகொண்டே பொருத்துகிறோம். பல்லாண்டு சோறூட்டி வளர்த்த களிற்றை இழந்த பாகன், அது கட்டியிருந்த தறி பாழாய்க் கிடக்கக் கண்டு அழுதாற்போல அவர் கலங்கினார். எதைக் கண்டு? அரண்மனையை அன்று, அரியணையையும் அன்று; வேந்தன் போய்விட்ட மூதூரின் மன்றத்தைக் கண்டு. கூடியிருந்து சிரித்த இடம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்ட பிறகே அவருக்கு நண்பனுடைய மரணம் முழுவதும் மரணமாயிற்று.