விதையில் இருந்த மருந்து காய்க்கு ஏன் போய்ச் சேரவில்லை?

குன்னம் பக்கத்தில் மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய பருத்தி விதை டப்பா கிடக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். உள்ளே பிரிக்காத ஒரு சின்னப் பாக்கெட், 120 கிராம். பி.டி. அல்லாத விதை என்று மேலே அச்சடித்திருந்தது.

"அதுவா? அது டப்பாகூட சும்மா வரும் மாப்ள. யாரு போடுவா அதெல்லாம்" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "விதையிலேயே மருந்து இருக்கு, புழுவுக்கு அடிக்கவே வேணாம்னுதான் சொல்லி வித்தாங்க. அப்புறம் காய்க்குள்ள புழு எப்படிடா வந்துச்சு?"

அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை 1901-இல் ஜப்பானில் தொடங்குகிறது. பட்டுப்புழுக்கள் ஏன் கூட்டமாகச் சாகின்றன என்று தேடிய இஷிவாட்டா ஒரு பாக்டீரியாவைக் கண்டார். 1911-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவுப்பூச்சியின் புழுவில் பெர்லினர் என்பவரும் அதையே கண்டு, ஊர்ப்பெயரை வைத்து பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். அதன் சுருக்கம்தான் பி.டி. அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு புரதம் புழுவின் குடலை ஓட்டையாக்கிவிடும். 1980களில் மரபணுவை வெட்டி ஒட்டும் வித்தை கைவந்ததும், அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள் வைத்துப் பார்த்தார்கள். மரபணு உள்ளே போனது. புரதமோ ஏதோ பேருக்குத்தான் வந்தது.

ஏன்? இங்கேதான் மாமாவின் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. மரபணுவை தாலுகா ஆபீசில் இருக்கும் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அறையை விட்டு வெளியே வராது. நகல்தான் வெளியே வரும். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் செல் புரதத்தைச் செய்கிறது. எத்தனை நகல் எடுப்பது, எடுத்ததை எத்தனை நேரம் கிழிக்காமல் வைத்திருப்பது, எந்த மூலைக்கு அனுப்புவது, எல்லாவற்றையும் செல்தான் முடிவு செய்கிறது. பழ ஈயின் முட்டையில் ஒரு குறிப்பிட்ட நகல் ஒரு முனையில் மட்டும் கட்டிவைக்கப்படுகிறது. அந்த முனைதான் பிறகு தலையாகிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு அரிசி வந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

பாக்டீரியாவின் எழுத்துநடை செடிக்குப் புரியவில்லை. நகலின் நடுவிலேயே சில இடங்களை "இத்தோடு முடிந்தது" என்ற குறியாக எடுத்துக்கொண்டது. சில இடங்களைக் "கிழித்துப் போடு" என்று படித்தது. 1990, 91 வாக்கில் மான்சாண்டோ கம்பெனியின் பெர்லக்கும் அவருடைய குழுவினரும் புரதம் மாறாமல் எழுத்துகளை மட்டும் செடியின் நடைக்கு மாற்றி எழுதினார்கள். புரதம் 100 மடங்கு வரை கூடியது. நகலெடுக்கும் சுவிட்சாக காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து ஒரு துண்டை எடுத்து முன்னால் வைத்தார்கள். அதன் சிறப்பு, செடியின் எல்லா உறுப்பிலும், எல்லா வயதிலும் எரிந்துகொண்டே இருக்கும் என்பது. ஏட்டுக்கணக்கில்.

இந்தியாவில் 2002 மார்ச் 26 அன்று மூன்று ஒட்டுரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் அரியலூரை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்திருந்தார்கள். 2007-இல் திரும்பப் பிரித்தார்கள். கரிசலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, இரண்டு பக்கமும் மானாவாரிப் பருத்திதான். 450 கிராம் விதை 1,600 ரூபாய். மாமா முதலில் வாங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் பச்சைக் காய்ப்புழுவுக்கு மருந்தே அடிக்காமல் எடுத்ததைப் பார்த்துவிட்டு வாங்கினார். முதல் சில வருஷம் நன்றாகவே இருந்தது என்பதை அவரே சொல்வார். அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை.

2005-இல் நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் கிராந்தியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செடியின் ஒவ்வோர் உறுப்பிலும் நச்சுப்புரதம் எவ்வளவு என்று அளந்திருந்தார்கள். அதிகம் இருந்தது இலையில். காயின் தோலிலும் பூவின் சூலகத்திலும் போதவில்லை. ஒரு கிராமுக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே போகப் போக, பிழைக்கும் புழுக்கள் கூடிக்கொண்டே போயின. செடிக்கு வயதாக ஆக எல்லா ரகத்திலும் அளவு இறங்கியது. ஆஸ்திரேலியாவில் பார்த்தவர்கள் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். பருவத்தின் கடைசியில் நகலே, அதாவது தூது ஆர்.என்.ஏ.வே, குறைந்துபோகிறது. மரபணு அங்கேயேதான் இருக்கிறது. யாரும் நகல் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

புழு தின்ன வருவது இலையையா? சப்பையையும் காயையும். அவை வருவது செடி வளர்ந்த பிறகு. எங்கே தேவையோ அங்கே குறைவு, எப்போது தேவையோ அப்போது இறக்கம்.

இதற்கு மேல் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். மற்ற நாடுகள் பெரும்பாலும் நேர்ரகமாகப் போட்டார்கள், நாம் ஒட்டுரகமாகப் போட்டோம். ஒட்டுச்செடிக்கு அந்த மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டுமே வருகிறது. அதனால் அதன் காய்க்குள் இருக்கும் கொட்டைகளில் நாலில் ஒன்றில் மரபணுவே இருக்காது. காய்க்குள் உட்கார்ந்து கொட்டையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு ஒரு வாய் நஞ்சு, ஒரு வாய் நல்ல சோறு. எதிர்ப்புச் சக்தியை வளர்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முதல் மரபணுவைப் புழு தாண்டிவிட்டது என்று 2010-இல் குஜராத்திலிருந்து செய்தி வந்தது. 2006-இல் வந்த இரட்டை மரபணு ரகத்தையும் 2015 வாக்கில் தாண்டிவிட்டது.

அந்த 120 கிராம் பாக்கெட் இதற்காகத்தான். வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியை விதைத்தால் அதில் நஞ்சுக்குச் சாகக்கூடிய புழுக்களும் பிழைத்திருக்கும். தப்பிய புழுவின் அந்துப்பூச்சி இவற்றோடு சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி மெதுவாகத்தான் பரவும். இதை மாமாவிடம் சொன்னேன். "புழுவுக்குன்னு தனியா வெள்ளாமை வைக்கச் சொன்னா எவன் மாப்ள வைப்பான்? காரணம் சொல்லியிருந்தாலாவது யோசிச்சிருப்போம்" என்றார். விற்ற கடைக்காரருக்கே காரணம் தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

2017-இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் இறந்தார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிராவின் யவத்மாலில் 20 பேருக்கு மேல். ஆள் உயரம் வளர்ந்த செடி, முகத்துக்கு நேரே தெளிப்பு, முகமூடி கிடையாது, இரண்டு மூன்று மருந்தைக் கலந்தது என்று பல காரணங்கள். எல்லாப் பழியையும் ஒரு மரபணுவின் தலையில் போட மாட்டேன். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அது என்றைக்குமே மருந்தில்லை. ஆனால் அடிக்கவே வேண்டாம் என்று நம்பி வாங்கிய செடிக்குள்தான் அவர்கள் தெளிப்பானோடு நின்றார்கள்.

மாமா இப்போது பாதிக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறார். 2018-இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றது, அதற்கும் அடித்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு டப்பாவைத் திரும்பப் பரணில் வைத்தார்.

"சரி, சோளத்துல அப்படி ஒரு விதை வந்தா, மரபணு இருக்கான்னு கேக்கக் கூடாது. குருத்துல எவ்வளவு, எத்தனை நாளைக்குன்னு கேக்கணும். அப்படித்தானே?"

அப்படித்தான் மாமா.