வயிற்றுத் தண்ணிக்கு வெட்டிய வழி

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தது 1981-இல். உப்பைக் குறைத்து மாத்திரை கொடுத்தும் வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டே இருந்தால், எங்கள் வார்டில் இருந்த ஒரே வழி தண்ணி எடுப்பது. தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம் டாக்டர் ஊசி போடுவார். வைக்கோல் ஊறின நிறத்தில் டியூப் வழியாக பக்கெட்டில் இறங்கும். வயிறு வற்ற வற்ற அகலத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வருவது என் வேலை. கட்டு தளர்ந்தால் பிரஷர் சரிந்து ஆள் மயங்கிவிடுவார். டேப்பால் சுற்றளவை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுவேன். பத்து நாளில் அதே ஆள் அதே சுற்றளவோடு வந்து நிற்பார்.

இது எவ்வளவு பழைய கைவேலை என்பது ஓய்வுபெற்றுப் படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சுசுருத சம்ஹிதை சொல்வதும் கிட்டத்தட்ட அதே இடம்: தொப்புளுக்குக் கீழே, இடப்புறம், நடுக்கோட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. கருவியின் பெயர் விரீஹிமுகம். நெல்லின் முனை போன்றது. எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் எடுக்காதே, எடுத்தபின் வயிற்றைச் சுற்றிக் கட்டு என்கிறது. நான் கட்டிய கட்டு அது!

ஆனால் தண்ணீர் நோயில்லை. ஈரல் இறுகிப்போனால், குடலிலிருந்து அதற்குள் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அதனால் வருகிற கசிவுதான் அது. 1877-இல் ரஷ்யாவின் நிக்கோலாய் எக் அந்தக் குழாயை நாய்களில் நேரே பெரிய ரத்தக்குழாயோடு இணைத்தார். எட்டு நாய்களில் ஒன்றுதான் பிழைத்தது. 1893-இல் பாவ்லோவ் குழுவினர், பள்ளிக்கூடத்தில் மணியும் எச்சிலுமாகப் படித்தோமே அதே பாவ்லோவ், அப்படி இணைத்த நாய்கள் இறைச்சி தின்றதும் தடுமாறி வலிப்பு கண்டதை எழுதினார்கள். ஈரலைச் சுற்றிப் போன ரத்தம் நஞ்சு நீங்காமலே மூளைக்குப் போகிறது. இந்த வைத்தியத்தின் முழுச் சரித்திரமும் எனக்கு அந்த நாய்களில்தான் இருக்கிறது.

1974-இல் அமெரிக்காவின் ஹாரி லெவீன் வேறு வழி பார்த்தார். வயிற்றுத் தண்ணீரை வால்வு வைத்த குழாய் மூலம் கழுத்து ரத்தக்குழாயிலேயே திருப்பிவிட்டார். அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். விலாவிலிருந்து கழுத்துவரை தோலுக்கடியில் கயிறு ஓடுவதுபோல் தெரியும். குழாய் அடைத்துக்கொள்ளும், சீழ் பிடிக்கும். பார்சிலோனா டாக்டர்கள் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றிக்கொண்டே தண்ணி எடுத்துப் பார்த்து, 1991-இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். உயிர் காப்பதில் குழாய் மேலாக இல்லை. பழைய ஊசியே ஜெயித்தது.

பிறகு வந்தது டிப்ஸ். 1969-இல் ஜோசப் ரோஷ் நாய்களில் செய்துகாட்டியது. 1988-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் மனிதருக்கு உலோக ஸ்டென்ட் வைத்தார்கள். கழுத்து வழியாக ஊசியை இறக்கி, ஈரலுக்குள்ளேயே துளைத்து, போர்ட்டல் குழாய்க்கும் ஈரலிலிருந்து வெளியேறும் ரத்தக்குழாய்க்கும் நடுவே வழி போடுவது. வயிற்றைக் கிழிப்பதில்லை.

என் அண்ணனுக்கு அதைத்தான் செய்தார்கள். வாலாஜாபாத் பக்கம், தென்னேரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர். குடித்ததே இல்லை, ஹெப்படைட்டிஸ் பி. ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த அவர் மகனும் நானும் கூட இருந்தோம். சின்ன வயது டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

"அப்போ ஏரிக்குக் கலங்கல் கட்டுற மாதிரின்னு சொல்லுங்க டாக்டர்," என்றார் அண்ணன்.

டாக்டருக்குக் கலங்கல் தெரியவில்லை. "கரை உடையாம மிச்சத் தண்ணி வழிஞ்சு போற எடம் சார்," என்றேன். அவர் படத்தின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் வயிறு வற்றியது. டேப் அளவு குறையக் குறைய வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அவர் பகலில் தூங்குவதும் ராத்திரி விழித்திருப்பதும் பிடிக்கவில்லை. ஒரு மே மாத நடுராத்திரி, கையில் மம்முட்டியோடு வாசலில் நின்றார்.

"மடையை அடைக்கணும்மா, தண்ணி வீணாப் போவுது."

ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கையை முன்னால நீட்டுங்கண்ணா, விரலை விரிச்சு வையுங்க," என்றேன். மணிக்கட்டு இரண்டும் சிறகடிப்பதுபோல் விழுந்து விழுந்து எழுந்தன. விடியும் முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். லாக்டுலோஸ் கொடுத்து வயிற்றைச் சுத்தமாக்கினார்கள்.

மூன்றாம் நாள் காலை நீட்டிய கை ஆடவில்லை.

"மம்முட்டியை வாசல்லயே போட்டுட்டு வந்தீங்களா?" என்று மகனைக் கேட்டார்.