தொலைநோக்கி இல்லாத வேட்டை: ஊவாவின் துவக்குகளும் யானைகளும்

துவக்கில் பூட்டும் தொலைநோக்கி என்றதும் எம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது வேட்டை அல்ல, சினைப்பர்தான். 1840களில் அமெரிக்காவில் துவக்குக் குழலின் நீளத்துக்கே தொலைநோக்கி பூட்டிச் சுட்டார்கள். அதே காலத்தில் பதுளையில் நடந்த பெரும் யானை வேட்டையில் அதற்கு இடமே இருக்கவில்லை.

அந்த வேட்டைக்காரர் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ். இலங்கை றைபிள் படையணி அதிகாரியான இவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்தார். சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்பர். தூரத்தில் நின்று சுட்டவை அல்ல. முன்வாயால் மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் துவக்கோடு, பத்துப் பதினைந்து மீற்றர் வரை நெருங்கி நெற்றியில் சுடுவதே அக்கால முறை. குண்டு தவறினால் அடுத்த துவக்கை நீட்டுவதற்குப் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். ஓடாமல் நின்ற அவர்களின் பெயரை எந்த வேட்டைப் புத்தகம் கவனமாகக் குறித்து வைத்தது?

பத்து மடங்கு பெரிதாக்கும் இன்றைய தொலைநோக்கியே 100 மீற்றரில் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் அகலத்தைத்தான் காட்டும். பதினைந்து மீற்றரில் அது அரை மீற்றர். அதுவும் மங்கலான யானைத் தோல். மூடுபனியும் அடர்காடும் உள்ள மலையில் நீண்ட தூரக் குறி அரிதாகவே வாய்க்கும்.

யானைகளை அழித்ததில் அரசின் பங்கு பெரிது. தலைக்குச் சில சில்லிங் சன்மானம் கொடுத்தது. அன்றைய வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். தந்தத்துக்காக என்று சொல்லவும் முடியாது. இலங்கை யானைகளில் தந்தம் உள்ளவை மிகக் குறைவு.

1845 ஜூனில் ஹப்புத்தளையில் றொஜர்ஸ் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது.

இன்று துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். பயிர்க்காவலுக்குக் கொடுக்கப்படும் சன்னத் துவக்கு சில பத்து மீற்றருக்கு அப்பால் பயன்படாது. தொலைநோக்கி பூட்டுவது வீண் செலவு. தோட்டப்பக்கத்தில் இப்போது ஆபத்தானவை கட்டுத்துவக்கும் கம்பித் தடமும். பன்றிக்கு வைத்ததில் மானும் விழும், சிறுத்தையும் விழும். கட்டுத்துவக்குக்கு முன்னால் கால் வைப்பது விறகுக்குப் போன மனிதராகவும் இருக்கலாம். 2020 மே மாதம் லக்ஷபான தோட்டப் பகுதியில் தடத்தில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது.

தடத்தில் சிறுத்தையைக் கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போகவேண்டாம், கம்பி அறுந்துவிடலாம். கூட்டத்தை விலக்கிவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.