தில்லியும் பழைய நாற்காலிகளும்

தில்லியில் வீடு கட்டிக்கொண்ட நம் அங்கத்தினர்கள் பலருடைய வீட்டில் இப்போது மாடி காலியாக இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். அந்த மாடியைச் சுற்றுலா வருபவர்களுக்கு நாலைந்து நாள் கணக்கில் வாடகைக்கு விடலாமே என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. 2010-ம் வருஷத்துக் காமன்வெல்த் விளையாட்டுகளை முன்னிட்டு, உரிமையாளர் வசிக்கும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கிப் படுக்கையும் காலை உணவும் கொடுக்க வழிசெய்யும் சட்டம் 2007-ல் தில்லியில் இயற்றப்பட்டது.

அறை தயார். சாமான்கள்? எல்லாம் புதிதாக வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது. பழைய தேக்குக் கட்டில், பிரம்பு நாற்காலி என்று தேடிப்பிடித்துப் போட்டால் செலவும் குறைவு, விருந்தினர்களும் விரும்புகிறார்கள். இதை ஏதோ புது நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், வந்து தங்கிப் போகிறவர்களுக்கு முன்பே புழங்கிய சாமான்களைப் போட்டுக் கொடுப்பது இந்த ஊர் சர்க்காருடன் கூடவே வளர்ந்த வழக்கம். அந்தச் சரித்திரம் நம் குடும்பங்களையும் தொடுகிறது.

1864-ல் சிம்லா கோடைத் தலைநகரானது. கல்கத்தாவிலிருந்தும், 1911-ம் வருஷத்து தர்பார் அறிவிப்புக்குப் பிறகு தில்லியிலிருந்தும், ஒவ்வொரு கோடையிலும் சர்க்கார் கோப்புகளோடு மலையேறியது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை இது நடந்தது. குமாஸ்தாக்களாக வந்த தென்னிந்தியர்களும் கூடவே போனார்கள். சில மாதங்களே தங்குகிறவன் கட்டிலையும் பீரோவையும் சுமந்துகொண்டா போவான்? சிம்லா பங்களாக்கள் பல, சீஸனுக்குச் சாமான்களுடனேயே வாடகைக்கு விடப்பட்டன. குடியிருப்பவர் மாறுவார்; கட்டில் அங்கேயே இருக்கும்.

முகாமிலேயே வாழ்ந்த ராணுவத்தாருக்கு வேறு வழி தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரூர்க்கியிலிருந்த ராணுவ இன்ஜினீயர்கள் பெயரால் வழங்கிய 'ரூர்க்கி நாற்காலி' பிறந்தது. ஆணி இல்லை, பசை இல்லை. கால்களில் துளை, அதில் நுழையும் குறுக்குச் சட்டங்கள், உட்கார கான்வாஸ் துணி. பிரித்துக் கட்டிவிடலாம். மேடுபள்ளமான தரையிலும் நாலு கால்களும் பதிந்து நிற்கும். இதைப் பின்பற்றி டென்மார்க்கின் கோரெ கிளிண்ட் 1933-ல் தமது 'சஃபாரி நாற்காலி'யை அமைத்தார். அதற்கு முன்பே 1928-ல் லெ கார்புஸியே, பியர் ஜான்னரே, ஷார்லட் பெரியாந்த் மூவரும் பாரிஸில் வடிவமைத்த, முதுகு அசைந்து கொடுக்கும் நாற்காலியிலும் இத்தகைய முகாம் நாற்காலிகளின் சாயல் தெரிகிறது. ஜான்னரே என்ற பெயரை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1931-ல் புது தில்லி திறக்கப்பட்டது. வைஸ்ராய் மாளிகைக்குக் கட்டடம் மட்டுமன்றி மேஜை, நாற்காலிகள் பலவற்றையும் லுட்யன்ஸே வடிவமைத்தார். சர்க்கார் அலுவலகங்களிலும் பங்களாக்களிலும் போட்ட சாமான்களின் அடியில் பெயின்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் அதன் ஜாதகம். 1947-ல் வெள்ளைக்காரர்கள் போனார்கள். பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்தார்கள். அவர்கள் குடியேறிய லாஜ்பத் நகரின் ஒரு பகுதியான அமர் காலனி, பழைய மரச்சாமான்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாக வளர்ந்தது. புதுச் சாமான்களுக்குக் கீர்த்தி நகரும் பஞ்ச்குயியான் ரோடும் என்றால் பழசுக்கு அமர் காலனி.

இப்போது ஜான்னரேயிடம் வருகிறேன். பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்காக சண்டிகர் கட்டப்பட்டபோது, லெ கார்புஸியேயின் உறவினரான இவர் 1951-ல் இந்தியா வந்து 1965 வரை அங்கேயே இருந்தார். செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் தேவைப்பட்டன. தேக்கும் பிரம்பும் கொண்டு, உள்ளூர்த் தச்சர்கள் செய்யக்கூடிய எளிய வடிவங்களை அவரும் யூலி சௌத்ரி போன்ற இந்தியச் சகாக்களும் உருவாக்கினார்கள். பல பட்டறைகளில் செய்ததால் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கும்.

நாற்பது வருஷம் குமாஸ்தாக்களும் மாணவர்களும் உட்கார்ந்து தேய்த்த பிறகு பிரம்பு அறுந்தது. அலுவலகங்களுக்கு ஸ்டீலும் ஃபோமும் வந்தன. பழைய நாற்காலிகள் மொட்டை மாடியில் குவிந்து, கழிவுச் சாமான் ஏலத்தில் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் அவற்றை வாங்கிச் சீர்செய்து, பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கான ரூபாய் மதிப்பில் விற்றார்கள். விழித்துக்கொண்ட மத்திய உள்துறை அமைச்சகம் 2011-ல் சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கத் தடை விதித்தது. 2013-ல் அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் எடுத்த 'ப்ராவனன்ஸ்' என்ற படம், செல்வந்தர்களின் வீடுகளில் தொடங்கி, ஏலக்கூடம், கப்பல் என்று பின்னோக்கிப் போய் சண்டிகரில் முடிகிறது.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இத்தகைய 'கண்டெம்னேஷன்' கமிட்டியில் அங்கத்தினனாக இருந்திருக்கிறேன். ஆகையால் சண்டிகரில் நடந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. சாமானின் பெயர், எண்ணிக்கை, வாங்கிய வருஷம், வாங்கிய விலை, தற்போதைய நிலை, கழிக்கக் காரணம் என்று படிவத்தில் பத்திகள் இருக்கும். யார் செய்தது, யார் வடிவமைத்தது என்று கேட்கும் பத்தி கிடையாது. 2005-ம் வருஷத்து நிதி விதிகளின்படி, மிச்ச மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேலிருந்தால் விளம்பர டெண்டரோ பொது ஏலமோ வேண்டியிருந்தது. கால் ஆடும் நாற்காலிக்கு மிச்ச மதிப்பு என்ன போடுவார்கள்? 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் கைகொடுக்கவில்லை. அதன்படி நூறு வருஷமாவது ஆனால்தான் ஒரு பொருள் தொல்பொருள். சண்டிகர் நாற்காலிகளுக்கு வயது போதவில்லை. சண்டிகரில் போனதெல்லாம் திருட்டில் போகவில்லை. விதிப்படியே ஏலம் விட்டார்கள். ஆனால் எது எங்கிருந்து வந்தது என்ற விவரம் எழுதப்படாமல் போனதால் பொருளும் போயிற்று.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அருகிலேயே உண்டு. தில்லி-ஜெய்ப்பூர் சாலையில் பாழடைந்து கிடந்த நீம்ரானா கோட்டையை அமன் நாத்தும் ஃபிரான்சிஸ் வாக்ஸியார்க்கும் 1986-ல் வாங்கி, பழுதுபார்த்து, பழைய மரச்சாமான்களைச் சேர்த்துப் போட்டு, 1991-ல் விருந்தினர் விடுதியாகத் திறந்தார்கள். பழைய பொருளைப் புழக்கத்தில் வைத்தே காப்பாற்றலாம் என்பதற்கு அது சான்று.

மாடி அறைக்குச் சாமான் வாங்க நினைப்பவர்களுக்கு, விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் சில விஷயங்கள். மரம் நீளவாட்டில் அநேகமாக மாறாது. குறுக்குவாட்டில்தான் சுருங்கி விரியும். தில்லியின் மே மாதக் காய்ச்சலுக்கும் ஆகஸ்டு ஈரத்துக்கும் இது நன்றாகவே தெரியும். அதனால்தான் பழைய தச்சர்கள் பீரோக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் தளர்வாக விட்டார்கள். அது ஆடுகிறதே என்று ஆணி அடித்தால் பலகை பிளந்துவிடும். சிறு துளைகளுக்குக் கீழே வெளிறிய மரத்தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் பூச்சி உயிரோடிருக்கிறது, வாங்கவேண்டாம். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்தால், அரக்குப் பாலிஷ் கரைந்து பிசுக்கும். இக்காலத்து வார்னிஷ் அப்படிக் கரையாது. ஆனால் பழைய மரத்துக்கே புது வார்னிஷ் அடித்திருக்கலாம் என்பதால் மேஜை டிராயரை உருவி மூலைப் பிணைப்பையும் பாருங்கள். கையால் செதுக்கியதென்றால் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும். கட்டில் எவ்வளவு பழசானாலும் மெத்தை புதிதாகத்தான் இருக்க வேண்டும்! 'சண்டிகர் நாற்காலி' என்று யாராவது சொன்னால் ஏலச் சீட்டைக் கேளுங்கள். போலிகள் ஏராளம்.

இதெல்லாம் வாங்குகிறவர்களுக்கு. விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிடையரான பிறகு தில்லியைக் காலிசெய்து சென்னைக்கோ கோவைக்கோ போகும்போது கபாடிக்காரரைக் கூப்பிடுவது நம் வழக்கம். ஊரிலும் அப்படியே. அக்ரஹாரத்து ஊஞ்சலும் சாய்வு நாற்காலியும் வீடு கைமாறும்போது எடைக்குப் போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பிரதேசத்தின் வீடுகள் எப்படித் துண்டு துண்டாகத் தெருவுக்கு வருகின்றன என்பது புரியும். ஃப்ளாட்டில் இடமில்லை என்பதும் வாஸ்தவம்தான். விற்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை.

விற்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். எந்த ஊரில், எந்த வருஷம், யார் செய்வித்தது, என்ன மரம், யார் யார் அதில் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பிரதி பிள்ளைகளுக்கு. ஒரு பிரதி வாங்குகிறவருக்கு. வாங்கி வைக்கிற அங்கத்தினர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, விருந்தினர் அறையில் கண்ணாடி போட்டு மாட்டலாம். சர்க்கார் படிவத்தில் இல்லாத அந்தப் பத்தியை நாமே நிரப்பி வைத்துவிடலாம். அதற்கு விலையொன்றும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.