இருப்புப்பாதையும் ஏரியும்: கூடுவாஞ்சேரியில் மனை தேடுவார்க்குச் சில சரித்திரக் குறிப்புகள்



நம் சங்கத்துக் குடும்பங்களில் உத்தியோகத்திற் புகுந்த இளைஞர்கள் முதன்முறையாகச் சொந்த வீடு கொள்ள எண்ணுங்கால், பட்டணத்து விலை எட்டாமையால், அவர்கள் பார்வை தாம்பரத்துக்கு அப்பால் கூடுவாஞ்சேரியின்மேற் செல்கின்றது. அங்கே வாங்கலாமா என்று எம்மை வினவுவோர் பலர். யாம் தரகர் அல்லேம். விலை கூறவும் அறியேம். ஆயினும் அப்பிரதேசம் குடியேறிய வரலாற்றை அறிந்தோர்க்கு, எவ்விடம் கொள்ளத்தக்கது, எவ்விடம் தள்ளத்தக்கது என்பது பெரும்பாலும் புலனாகும்.

சென்னை தெற்கே வளர்ந்தது இருப்புப்பாதையைப் பற்றிக்கொண்டேயாம். 1920-களில் மாம்பலத்துப் பேரேரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைக்கத் தொடங்கினர். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடலாயிற்று. அக்காலத்தே தாம்பரம் நல்ல காற்றுக்குப் பெயர்பெற்ற இடம்; க்ஷயரோக சானடோரியம் 1928-ல் அங்கே ஏற்பட்டது; கிறிஸ்தவக் கல்லூரியும் 1937-ல் அங்குக் குடிபெயர்ந்தது. பட்டணத்தில் வாடகை கொடுத்துச் சலித்த குமாஸ்தா, தலைமுறைதோறும் சில ஸ்டேஷன்கள் தெற்கே தள்ளிச் சென்று மனை வாங்கினார். மாம்பலத்தில் இயலாதவர் குரோம்பேட்டையிலும், குரோம்பேட்டையில் இயலாதவர் தாம்பரத்திலும், அதுவும் கூடாதவர் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியிலும் ஒதுங்கினர்.

கூடுவாஞ்சேரியில் விலை தணிந்திருந்ததற்குத் தூரம் ஒன்றே காரணமன்று. 1970-களில் வகுக்கப்பெற்ற சென்னைப் பெருநகர் எல்லை வண்டலூரோடு நின்றது. அதற்கப்பால் பஞ்சாயத்து அனுமதி ஒன்றையே காட்டி, நஞ்சை நிலத்திற் கல் நட்டு, 'நகர்' என்று பெயரிட்டு விற்றவர் பலர். 2016-ல் உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தபின்னரே, வாங்கியோர் பலர் தம் கிரயப் பத்திரத்தை எடுத்துக் கவனமாக வாசித்தனர்! மறு ஆண்டில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2021-ல் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சியாயிற்று. 1,189 சதுர கிலோமீட்டராயிருந்த பெருநகர் எல்லையை 5,904 ஆக விரிக்க 2022-ல் அரசாணை பிறந்தது. 2023 டிசம்பரிற் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பெற்றது. இவற்றால் விலை ஏறியதை யாம் கூறவேண்டுவதில்லை.

நிற்க. இனிக் கூறப்போவதே முக்கியமானது. இப்பகுதி பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசனச் சீமை. ஓரேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். நந்திவரம் ஏரியின் உபரிநீரும் இவ்வாறே சென்று அடையாற்றிற் கலக்கின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, செம்பரம்பாக்கத்தைத் திறந்ததே காரணம் என்று பலரும் பேசினர். முடிச்சூரோ, செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றோடு கூடுமிடத்துக்கு மேலே உள்ளது! அங்கே வந்தது மேலைச் சிற்றேரிகளின் நீரே.

நம் அங்கத்தினர் ஒருவர் 2011-ல், கோடை மத்தியில், கூடுவாஞ்சேரிக்கு மேற்கே ஒரு மனையைக் கண்டு மகிழ்ந்து வாங்கினார். சேமிப்பு முழுவதும், மனைவியாரின் நகையும் அதிற் சென்றன. 2015-ல் நீர் ஜன்னல்வரை நின்றது. பின்னரே கிராமப் புலப்படத்தைப் பெற்றுப் பார்த்தார். அவர் தெருமுனையில் வாய்க்கால் ஒன்று கோடிடப்பட்டிருந்தது. விற்றவர் அதனைக் கூறவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆதலின் மனை காணப் புறப்படுவோர் முதலிற் பட்டாவையும், 'அ' பதிவேட்டையும், புலப்படத்தையும், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றையும் பார்க்கக் கடவர். இவற்றிற் பெரும்பகுதி இப்போது வீட்டிலிருந்தே இணையத்திற் காணக் கிடைக்கின்றது. ஏரி உள்வாய், ஓடை, மேய்க்கால் என்ற சொற்களுள் ஒன்று சர்வே எண்ணுக்கு நேரே இருப்பின், விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பிவிடுக. பெருமனைப் பிரிவாயின், 2017 முதல் நடைமுறையிலுள்ள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவெண்ணையும் கேட்க. காலை எட்டு மணி ரயிலில் ஒருநாள் ஏறி, அலுவலகம் வரை நின்றுகொண்டே சென்றும் பார்க்க. அது பத்திரத்தில் எழுதப்படாத விலை.

மேற்கூறிய அங்கத்தினரின் குமாரர் 2019-ல் வீடு தேடினார். தந்தையார் அவரைக் கார்த்திகை மழையிற் குடையோடு அழைத்துச் சென்றார். ஏரிக்கரையில் மாடு மேய்த்திருந்த முதியவரிடம் கலங்கல் எப்பக்கம், நீர் எவ்வழி ஓடும் என்று கேட்டனர். அவர் கைநீட்டிய திக்கில் இருந்த இரண்டு மனைகளைத் தள்ளினர். மூன்றாவது, நெடுஞ்சாலைக்கருகே மேட்டுப் பாங்கில், பழைய வீடு. எண்ணியதிற் பாதியளவே, ஓர் அறை குறைவு. மருமகளுக்கு அதில் மனக்குறை இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, அவ்வீட்டின் முதற் படியோடு நீர் நின்றது. தந்தையார் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் அன்று மருமகளின் அடுக்களையில் வந்து சேர்ந்தன.