நாம் ஏன் ஒன்றுகூடுகிறோம்?

ஞாயிறு காலையில் இரண்டாம் மணி அடித்ததும் தெருவெல்லாம் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. வெள்ளை வேட்டியும் புதுப்புடவையும், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் வரும் பேரக் குழந்தையுமாக மக்கள் கோவிலை நோக்கி வருகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், ஏன் இப்படிக் கூடுகிறோம் என்று நாம் கேட்பதே இல்லை. "கடவுள் எங்கும் இருக்கிறாரே, வீட்டிலிருந்தே செபித்தால் ஆகாதா?" என்று கேட்பவர் மட்டும் எல்லாப் பங்குகளிலும் உண்டு. அந்தக் கேள்வியைக் குறும்பு என்று ஒதுக்கிவிடலாகாது. ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில் அதற்கு வரலாறு தரும் விடையைச் சற்று நிதானமாகக் காண்போம்.

நம் ஆண்டவர் விண்ணகம் சென்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆகுமுன்பே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. கொரிந்து நகரத்து விசுவாசிகள் கூடத்தான் செய்தார்கள். ஆனால் எப்படிக் கூடினார்கள்? செல்வர்கள் முன்னதாக வந்து தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே உண்டு குடித்து மயங்கினார்கள். நாளெல்லாம் உழைத்துவிட்டுப் பொழுது சாய்ந்து வந்த ஏழைகளும் அடிமைகளும் பசியோடு அமர்ந்திருந்தார்கள். செய்தி எபேசுவில் இருந்த புனித சின்னப்பருக்கு எட்டியது. ஏறத்தாழ கி.பி. 55-இல் அவர் எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நீங்கள் கூடுவது நன்மைக்கன்று, தீமைக்கே என்னும் அளவுக்கு அவர் கடிந்துகொள்கிறார். வராதவர்களை அவர் கண்டிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வந்தும் ஒன்றாகாதவர்களைத்தான் கண்டித்தார். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட வரலாறு எழுத்தில் நமக்குக் கிடைத்திருப்பது, காலத்தால் முந்திய அளவில், இந்தக் கண்டனத்தின் நடுவில்தான்!

அறுபது ஆண்டுகள் கடந்தன. பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி ஏறத்தாழ 112-இல் திராஜன் பேரரசனுக்கு ஒரு கடிதம் எழுதினான். குறித்த நாளில் விடியுமுன் இவர்கள் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள், களவும் விபசாரமும் செய்வதில்லை என்று ஆணையிட்டுக் கொள்கிறார்கள், பிறகு மீண்டும் கூடி உணவருந்துகிறார்கள் என்பது அவன் விசாரித்து அறிந்தது. அதை அறியும்பொருட்டு அவன் வதைத்து விசாரித்த இருவரும் அடிமைப் பெண்கள். சபையில் பணிப்பொறுப்பு வகித்தவர்கள்.

ஞாயிறு வழிபாட்டை உள்ளிருந்தே விவரித்தவர் புனித யுஸ்தின். பாலஸ்தீனத்தில் பிறந்து, தத்துவம் தேடி அலைந்து, கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்த பொதுநிலையினர் அவர். உரோமையில் பள்ளி நடத்தினார். கிறிஸ்தவர்களைப் பற்றி ஊரில் உலவிய வதந்திகளுக்கு விடையாக 155-ஆம் ஆண்டளவில் பேரரசன் அந்தோனினுஸ் பியுஸுக்கு ஒரு விளக்க நூல் வரைந்தார். ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்கிறார் அதில். அப்போஸ்தலர்களின் நினைவேடுகளோ இறைவாக்கினர் எழுத்துக்களோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. பின்னர் தலைமை தாங்குபவர் போதிக்கிறார். எல்லாரும் எழுந்து நின்று செபிக்கிறார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த இரசமும் கொண்டுவரப்படுகின்றன. தலைவர் தம்மால் இயன்ற அளவு நன்றி கூறி மன்றாட, மக்கள் "ஆமென்" என்கிறார்கள். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியும் நமக்குப் புதிதாகத் தோன்றுவது இதில் ஏதேனும் உண்டா?

ஆனால் யுஸ்தின் அத்துடன் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு செய்திகள் சொல்கிறார். வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோகிறார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பதைத் தலைவரிடம் சேர்க்கிறார்கள். அவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையிலிருப்போர், ஊருக்குப் புதியவர்கள் ஆகியோரைப் பேணுகிறார். காணிக்கைத் தட்டு நம் வரிசைக்கு வரும்போது சில்லறை தேடும் நமக்கு அதன் தோற்றம் இதுவென்று தெரிந்தால் நல்லது.

ஏறத்தாழ 165-இல் யுஸ்தின் கைதானார். எங்கே கூடுகிறீர்கள் என்பது நகர அதிகாரி ருஸ்திகுஸ் கேட்ட கேள்விகளில் ஒன்று. எங்கள் கடவுள் ஓரிடத்தில் அடங்குபவரல்லர், அவரவரால் முடிந்த இடத்தில் கூடுகிறோம் என்னும் கருத்துப்பட யுஸ்தின் விடையளித்தார். அவரோடு தலை கொடுத்தவர்களுள் ஒரு பெண்ணும், பேரரசன் வீட்டு அடிமை ஒருவரும் இருந்தனர். தத்துவ ஆசிரியரும் அடிமையும் சம உரிமையோடு சேர்ந்து நிற்கும் இடம் அன்றைய உரோமையில் வேறு எங்கே இருந்தது?

அக்காலத்தில் கோபுரமும் மணிக்கூண்டும் ஏது? வீடுகள்தாம் கோவில்கள். அப்படி ஒரு வீடு நம் கண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. சிரியா நாட்டில் யூப்ரத்தீசு நதிக்கரையில் துரா யூரோப்பஸ் என்னும் கோட்டை நகரம் இருந்தது. 256-ஆம் ஆண்டளவில் பாரசீகர் முற்றுகையில் வீழ்ந்து மணலில் புதைந்தது. 1930-களில் அகழ்ந்தபோது மூன்றாம் நூற்றாண்டில் கோவிலாக மாற்றப்பட்ட ஒரு சாதாரண வீடு வெளிப்பட்டது. ஓர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் நல்லாயன் ஓவியம். வழிபாட்டுக் கூடத்துக்கு இடம் போதவில்லை. எனவே இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அந்த இடிந்த சுவரைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

303-இல் தியோக்கிளேசியன் பேரரசன் திருநூல்களை எரிக்கவும் கூட்டங்களைத் தடுக்கவும் கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியாவில், அபித்தினா என்றோர் ஊர். அவ்வூர் ஆயரே அஞ்சித் திருநூல்களை ஒப்படைத்துவிட்டார். மக்கள் அஞ்சவில்லை. சாத்துர்னினுஸ் என்னும் குருவுடன் வீடுகளில் கூடினார்கள். பிடிபட்ட 49 பேரும் 304 பிப்ரவரி 12-இல் கார்த்தேஜ் நகரில் ஆளுநன்முன் நிறுத்தப்பட்டார்கள். குருவின் இளைய மகன் இலாரியானுஸ், சிறு பையன், அவனும் அக்கூட்டத்தில் ஒருவன். தடையை மீறி உன் வீட்டில் ஏன் இடம் கொடுத்தாய் என்று வாசகர் எமெரித்துஸைக் கேட்டார்கள். அவர்கள் என் சகோதரர், தடுக்க என்னால் இயலாது. ஆண்டவரின் விருந்தின்றி நாங்கள் இருக்க முடியாது என்னும் பொருளில் அவர் பதில் சொன்னார். அவர் சொன்ன இலத்தீன் சொல்லுக்கு ஆண்டவரின் நாள், ஆண்டவரின் விருந்து என இரு பொருளும் உண்டு. வீட்டிலேயே செபிக்கலாமே என்ற யோசனை அவர்களுக்கும் தோன்றாமலா இருந்திருக்கும்? உயிர் பிழைக்க அது எளிய வழியன்றோ!

கான்ஸ்டன்டைன் 321-இல் ஞாயிறை ஓய்வு நாளாக்கினான். பெரிய கோவில்கள் எழுந்தன. கூடுவதற்கு இனி ஆபத்தில்லை. ஆனால் நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பீடத்தில் நடப்பதற்கும் மக்களுக்கும் இடையே தூரம் வளர்ந்தது. குருவானவர் இலத்தீனில் பூசை செய்ய, மக்கள் செபமாலை சொன்னார்கள். அவர்கள் பக்தியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நம் முன்னோரின் விசுவாசம் அந்தச் செபமாலையில்தான் காக்கப்பட்டது. இலங்கையில் ஒல்லாந்தர் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687-இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேப் வாஸ் கழுத்தில் செபமாலை அணிந்து நடந்தே மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். அவர்களை இரவில் வீடுகளில் கூட்டித் திருப்பலி நிறைவேற்றினார்.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். தெற்கே வடக்கன்குளம் நம் திருச்சபைக்குப் பெருமை சேர்த்த ஊர். 1745 மே 14-இல் நீலகண்டன் அங்குதான் ஞானஸ்நானம் பெற்று இலாசரு, அதாவது தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகியதும் அவர்மேல் பகை மூளக் காரணமாயிற்று. 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஊரில் 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோவிலோ இரண்டு நீண்ட கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சந்திக்கும் வடிவில் கட்டப்பட்டது. இடையில் சுவர். ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர்கள் இன்னொன்றில். குருவானவரை இருபுறத்தாரும் காணலாம். ஒருவரையொருவர் காண முடியாது! கலகத்தைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு என்பார்கள். இருக்கலாம். ஆயினும் கொரிந்தில் செல்வர்கள் செய்ததை இங்கே கட்டடமே செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1910-இல் தடுப்பு நீக்கப்பட்டது. உரிமை போயிற்று என்று ஒரு சாரார் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் வழக்கு வெல்லவில்லை. அந்தச் சுவர் விழுந்ததைப் பேசும்போது அதைக் கட்டியதையும் பேசத்தான் வேண்டும். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இன்னும் இருப்பதை ஒப்புக்கொண்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2022 மே 15-இல் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டம் விடப்பட்டிருந்தது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-இல் திருவழிபாட்டுச் சட்டத் தொகுப்பை வெளியிட்டது. மக்கள் வெறும் பார்வையாளராக இராமல், உணர்ந்து முழுமையாகப் பங்குபெற வேண்டுமென அது விரும்பிற்று. பீடம் மக்களை நோக்கித் திரும்பியது; திருப்பலி தமிழில் ஒலித்தது. யுஸ்தின் காலத்து "ஆமென்" மீண்டும் எல்லார் வாயிலும் வந்தது. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், தக்க பொதுநிலையினரும் நற்கருணை வழங்கலாமென அனுமதித்தார்.

அதன் பயனை ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பார்க்கலாம். எல்லாரும் வாசலில் நின்று நலம் விசாரித்துக்கொண்டிருக்க, கழுத்தில் சிறு பேழையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிலர் பேசாமல் தெருவுக்குள் இறங்குவார்கள். படுக்கையில் கிடக்கும் மூதாட்டி ஒருத்தி, மணி ஓசை கேட்டதிலிருந்தே தலைவாரி, கட்டிலருகே மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக் காத்திருப்பாள். இன்று என்ன வாசகம், யார் யார் வந்திருந்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் அவள் கைகூப்புவாள்.